பெட்டிக்குள் கிடக்கும் துப்பாக்கிக்குத்தான் வேலை அதிகம்

அப்பாவுக்குக் கோலாலம்பூர் லெபோ அம்பாங் பக்கம் நகைக்கடை. லைசென்ஸோடு ஒரு .38 ரிவால்வர் வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்திருந்த முப்பது வருடத்தில் அதை யாரைப் பார்த்தும் நீட்டியதில்லை. ஆனால் சரஸ்வதி பூசை வந்தால் தராசு, எடைக்கல், கணக்குப் புத்தகம், கல்லாப்பெட்டிச் சாவி எல்லாம் இருக்கிற வரிசையில் அதுவும் இருக்கும், குழலின் இடப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மறுநாள் துணியால் ஒரு இழு இழுத்துத் தோல் உறையில் செருகிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். ஒரு வருடம் தீபாவளி எல்லாம் முடிந்து எடுத்துப் பார்த்தால், பொட்டு இருந்த இடத்தில் பத்து காசு அளவுக்கு ஒரு பழுப்பு வளையம். எண்ணெய் போட்டுத் தேய்த்தோம், பழுப்பு போனது. அடியில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன, அவை கடைசிவரை போகவில்லை.

ஒரு தோட்டாகூட வெடிக்காமல் கெட்டுப்போன துப்பாக்கி அது. ஈரச் சந்தனம், தோல் உறை, நம் ஊர்க் காற்று மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

போன மாதம் நண்பர் மகன் ஒருவன், அவனும் நகை வியாபாரம்தான், புதிதாக லைசென்ஸ் வாங்கி 9 மில்லிமீட்டர் பிஸ்டல் எடுத்திருக்கிறான், போனில் கேட்டான்: "அங்கிள், எத்தனை தடவை சுட்டதும் கிளீன் பண்ணணும்?" யூடியூபில் பார்த்திருக்கிறான். அந்த வீடியோக்கள் வறண்ட பாலைவன ஊர்களில் வாராவாரம் இருநூறு முந்நூறு ரவுண்டு சுடுகிறவர்கள் போட்டவை, அவர்களுக்குக் கரிதான் பிரச்சினை. கோலாலம்பூரில் லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மில் பலர் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ சுடும் ரேஞ்சுக்குப் போனால் பெரிது. மீதி நாள் முழுக்க அது பெட்டியில் கிடக்கும், இல்லையென்றால் வியர்த்த இடுப்பில் இருக்கும். "சுட்டால் அன்றைக்கே, சுடாவிட்டால் மாதம் ஒருதரம்" என்று சொன்னேன். அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம்

லைசென்ஸ் இல்லாதவர் வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது என்பதால், சுத்தம் செய்வதைப் பற்றி அவர் யோசிக்கவும் தேவையில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், தோட்டாவுக்கும் வேண்டும். 1971-இல் வந்த துப்பாக்கித் தண்டனைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறை, கூடவே ஆறுக்குக் குறையாத பிரம்படி. இங்கே இது விளையாட்டில்லை.

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல என்பது பலர் மறக்கிற விஷயம். "மாமா நல்லா துடைப்பார்" என்று மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. கம்பத்துக்கு, சொந்த ஊருக்குப் போகும் மூன்று நாளுக்கு நண்பர் வீட்டில் வைத்துவிட்டுப் போவதும் ஆகாது. பேரில் லைசென்ஸ் உள்ளவர்தான் எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும், பூட்ட வேண்டும். அதேபோல், நான் இங்கே சொல்வதெல்லாம் சுத்தம் மட்டும். உள்ளே ஏதாவது உடைந்தால், தேய்ந்தால், ட்ரிகர் கனமாக இருக்கிறது என்று தோன்றினால், லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஸ்பிரிங்கை வெட்டுவது, அரம் போடுவது எல்லாம் வேண்டாம்.

எங்கே உட்காருவது

சாப்பாட்டு மேசையில் வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, திறக்கிற ஜன்னல், நல்ல வெளிச்சம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் நல்லது. டிவி வேண்டாம். போனை வெளியில் வைத்துவிட்டு வாருங்கள், இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன், அதுவும் பின்னால் வருகிறது.

துப்பாக்கியை எப்போதும் பாதுகாப்பான திசையில் நீட்டி வை என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். பதினெட்டாவது மாடி கொண்டோவில் பாதுகாப்பான திசை எது? இந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆயா படுத்திருப்பார், அந்தப் பக்கம் லிஃப்ட், கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். செங்கல் சுவர் தோட்டாவை நிறுத்தும் என்று நம்பி இருக்க முடியாது. நான் செய்திருப்பது இதுதான்: இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, அதன் வாய்வரை காய்ந்த மணல், குலுக்கிக் குலுக்கி அழுத்தி நிரப்பியது. அது மேசை ஓரத்தில் தரையில் இருக்கும். தோட்டா எடுக்கும்போதும் ட்ரிகரைத் தொட வேண்டி வரும்போதும் குழலின் வாய் அந்த மணலின் நடுவைப் பார்த்தபடி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் துளசி வைக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள்.

தோட்டாவை எடுப்பது

இந்தக் கட்டுரையில் இது ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

பிஸ்டல் என்றால் விரல் ட்ரிகரை விட்டு வெளியே. முதலில் மேகசின், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் கூடு. பட்டனை அழுத்தி மேகசினைக் கழற்றிக் கீழே வைக்கிறீர்கள். அதற்கப்புறம்தான் ஸ்லைடு, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பகுதி. ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்தால் சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், இருக்கும் தோட்டா வெளியே தெறிக்கும். அதைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுக்கிறீர்கள், ஒரு தோட்டா தெறித்து விழுகிறது, ஆகா காலி என்று நிம்மதி, கையை விட்டதும் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்ததை எடுத்துச் சேம்பருக்குள் தள்ளிவிடும். பிறகு மேகசினைக் கழற்றுகிறீர்கள். இப்போது கையில் இருப்பது, காலி என்று நீங்கள் நம்புகிற, நிரம்பிய துப்பாக்கி. உலகம் முழுக்கத் துப்பாக்கி துடைக்கும்போது வெடித்தது என்று வரும் செய்திகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப இருக்கும்.

ஸ்லைடைப் பின்னால் பூட்டி வைத்துச் சேம்பரைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கண் பழக்கத்தில் ஏமாந்துபோகும், விரல் ஏமாறாது. மேகசின் நுழையும் வழியிலும் ஒரு விரல். இதை இரண்டு தடவை.

ரிவால்வர் சுலபம். சிலிண்டரை வெளியே சாய்த்து, குழலின் வாய் வானத்தைப் பார்க்க, தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரு தட்டு. எத்தனை அறை இருக்கிறதோ, ஐந்தோ ஆறோ, அத்தனை ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிய வேண்டும். எண்ணிக்கொள்ளுங்கள்.

எடுத்த தோட்டாக்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். மேசையின் மறுமூலையில் வைத்தால் போதாது, வேறு அறை. ஒன்று குறைந்தால் அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடி எடுத்த பிறகுதான் மற்ற வேலை. உரிமத்தில் கணக்கு இருக்கிறது, வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருக்கலாம்.

இப்போது போன் விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் துடைத்து மாட்டி, மேகசினை நிரப்பிச் செருகியும் ஆயிற்று, பெட்டியில் வைக்கப் போகும் நேரம் போன் அடித்தது. அக்காள் மகள் கல்யாண மண்டபம் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாட்டியது சரியா என்று ஸ்லைடை இழுத்துப் பார்க்கவில்லையே என்று ஒரு நினைப்பு, உண்மையில் அதை ஏற்கெனவே பார்த்திருந்தேன், ஸ்லைடை இழுத்து விட்டேன். அடுத்தது ட்ரிகரை அழுத்திப் பார்ப்பது. என்னமோ தோன்றியது, இன்னொரு தடவை இழுத்தேன். பளபளவென்று ஒரு தோட்டா தெறித்து மேசையில் உருண்டு பிஸ்கட் டின் மூடியில் மோதி 'டிங்' என்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி: நாற்காலியை விட்டு எழுந்தால், கதவைத் திறக்க எழுந்தாலும் சரி, தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சரி, திரும்பி வந்ததும் முதலிலிருந்து மேகசின், ஸ்லைடு, கண், விரல். தோட்டாக்கள் வேறு அறையில் இருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்பதும் தெரியும், அன்றைக்கு என் சோம்பேறித்தனம்.

சாமான்கள்

பெரிய பெட்டி செட் ஒன்றும் தேவையில்லை. உங்கள் தோட்டா அளவுக்குச் சரியான வெண்கல பிரஷ், அதற்கொரு கம்பி. கம்பிக்குப் பதில் பேரலுக்குள், அதாவது குழலுக்குள், இழுக்கிற பின்னல் கயிறு வாங்கினாலும் நல்லது, உள்ளே கீறாது. கரி கரைக்கும் திரவம் ஒன்று. ஹாப்பிஸ் நம்பர் 9 என்று 1903-லிருந்து விற்கிற ஒன்று இருக்கிறது, அந்த வாசனையை ஒருதரம் முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், என் மனைவியும் மறக்கவில்லை, அதனால்தான் ஜன்னல். துப்பாக்கி எண்ணெய் ஒரு சின்னப் புட்டி. சுத்தம், எண்ணெய், துருக்காப்பு மூன்றையும் ஒன்றாகச் செய்கிற சிஎல்பி வகை கிடைத்தால், சுடுவது குறைவு என்கிறவர்களுக்கு அது ஒன்றே போதும்.

மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது. பழைய வேட்டி, எத்தனை வருடம் வெளுத்ததோ அத்தனை நல்லது, நூல் உதிராது. ஓரங்குல சதுரமாக ஐம்பது துண்டு வெட்டி வையுங்கள். பழைய டூத்பிரஷ் இரண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி, இறைச்சி குத்திச் சுடுகிற சாத்தே குச்சி ஒரு பிடி. சாத்தே குச்சியைக் கேலி பண்ணாதீர்கள், நுனியில் வேட்டித் துணியைச் சுற்றினால் விரல் போகாத மூலைக்கெல்லாம் போகும், மூங்கில் என்பதால் இரும்பைக் கீறாது. ரப்பர் கையுறை. பிஸ்கட் டின் மூடி ஒன்று, கழற்றிய ஸ்பிரிங் உருண்டு ஓடாமல் இருக்க. கீழே விரிக்க நாளிதழ். சாமி படம் போட்ட பக்கத்தைத் தவிர்த்துவிடுவது என் பழக்கம்.

எவை கூடாது? தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். முதல் வாரம் நன்றாக வழுக்கும், அப்புறம் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்துக் கோந்துபோல் ஆகி ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். துப்பாக்கியின் மேலுள்ள அந்த நீலக்கறுப்பு ஒரு மெல்லிய படலம்தான், இரண்டு தேய்ப்பில் வெள்ளை இரும்பு பல்லைக் காட்டும். தின்னரும் கார் பிரேக் கிளீனரும் பிளாஸ்டிக் பிரேமைக் கெடுத்துவிடலாம். டபிள்யூடி-40 பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் அந்தப் பெயர். அதன் தொழில் ஈரத்தை விரட்டுவதுதான். மழையில் நனைந்துவிட்டால் உடனே அடிக்க நல்லது, ஆனால் மாதக்கணக்கில் இருந்து காக்கும் எண்ணெய் அது இல்லை. அடித்தால் துடைத்துவிட்டு மேலே சரியான எண்ணெய் போடுங்கள்.

கழற்றுவது

உங்கள் மாடலுக்கு என்று ஒரு கையேடு பெட்டியோடு வந்திருக்கும், அதுதான் வேதம். நான் கிளாக் கம்பெனி பிஸ்டல் வகையை வைத்துச் சொல்கிறேன், பலர் கையில் இருப்பதும் வீடியோவில் வருவதும் அதுதான். காலி என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஸ்லைடு முன்னால் இருக்கிறது. இந்த வகையில் கழற்றுவதற்கு முன் ட்ரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும், அதனால்தான் மேலே அத்தனை பாடு. குழல் மணல் வாளியைப் பார்க்க, அழுத்துங்கள், 'டக்'. ஸ்லைடை ஒரு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பின்னால் இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் இருக்கிற சின்னப் பூட்டைக் கீழே இழுத்தால், ஸ்லைடு முன்னால் வழுக்கிக் கழன்றுவிடும். மூன்றுக்கு மேல் இழுத்துவிட்டால் ட்ரிகர் பழைய நிலைக்கு வந்துவிடும், ஸ்லைடு கழலாது, மறுபடி காலியா என்று பார்த்து மறுபடி அழுத்த வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் இது நடக்கும். பக்கவாட்டில் திருப்புகோல் உள்ள வேறு பிஸ்டல்கள் பலவற்றில் ட்ரிகரைத் தொடாமலே கழற்றலாம்.

ஸ்லைடின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தூக்குங்கள், முகத்துக்கு நேராக வேண்டாம். அப்புறம் பேரல். இப்போது மேசையில் நான்கு துண்டு: பிரேம், ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் என்ன இருக்கிறது பார்ப்போமே என்று ஒரு கை துறுதுறுக்கும், அந்தக் கைதான் பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும்.

துடைப்பது

பேரலைத் தோட்டா நுழையும் பின்பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும், தோட்டா போகிற திசையிலேயே. வாய்ப்பக்கத்து விளிம்பில் கம்பி உரசித் தேய்ந்தால் குறி கெடும். திரவத்தில் நனைத்த துணி ஒன்றை முதலில் விட்டு இழுத்து, ஐந்து பத்து நிமிடம் அப்படியே ஊறவிட்டு, அதற்குள் மற்ற துண்டுகளைப் பாருங்கள். திரும்பி வந்து வெண்கல பிரஷை ஒரு பத்துத் தடவை. பிரஷ் மறுமுனையில் முழுக்க வெளியே வந்த பிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும், நடுவில் திருப்பினால் முள் வளைந்து மாட்டிக்கொள்ளும். பிறகு துணி ஒன்று ஒன்றாக. முதல் துணி அடுப்புக்கரி மாதிரி வரும், நாலாவது ஐந்தாவது சாம்பல் நிறம், அதற்கப்புறம் வெள்ளை. ரொம்ப வெள்ளை வரவேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். பச்சை நிறம் வந்தால் தோட்டாவின் செம்புப் பூச்சு, பயப்பட ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பின்னாலிருந்து பாருங்கள், உள்ளே சுருண்டு போகும் வரிகள் புதுப் பாத்திரம்போல் மின்ன வேண்டும்.

ஸ்லைடில் பார்க்க வேண்டியது தோட்டாவின் அடி வந்து மோதும் முகமும், வெடித்த தோட்டாவின் வெற்று ஓட்டைப் பிடித்து இழுக்கும் அந்தச் சின்னக் கொக்கியும். கரி அங்கேதான் கல்லாகப் படியும். ஸ்லைடின் முகம் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு டூத்பிரஷால் தேயுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் திரவம், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி வரும் துளை வழியாக உள்ளே இறங்கும். அங்கே எண்ணெய் தேங்கினால் கரியும் தூசும் சேர்ந்து சேறாகி, என்றோ ஒரு நாள் ட்ரிகர் அழுத்தும்போது ஊசி மெதுவாக வந்து தோட்டாவை முத்தம் கொடுத்துவிட்டுப் போகும், வெடிக்காது. கொக்கியின் உள்மூலைக்குச் சாத்தே குச்சி. பிரேமுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, துணியும் பஞ்சுக் குச்சியும் போதும்.

மேகசினை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. பாக்கெட் பஞ்சு, வியர்வை, டிஷ்யூத் துணுக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அடித்தட்டைக் கழற்றும்போது கட்டை விரலால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காவிட்டால் அது உத்தரத்துக்குப் போகும். உள்ளே வறண்ட துணியால் துடைத்து, எண்ணெய் எதுவும் போடாமல் அப்படியே மூடிவிடுங்கள். எண்ணெய் போட்டால் அது தோட்டாவுக்குப் போகும்.

எண்ணெய் விஷயத்தில் தமிழர்களுக்குக் கை தாராளம். இது எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு இல்லை. கிளாக் வகைக்குப் பேரல் வெளிப்பக்கம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல், ஸ்லைடு ஓடும் தடங்களில் இடத்துக்கு ஒரு துளி, ட்ரிகர் கம்பி பின்னால் உரசும் மூலையில் ஒரு துளி, அவ்வளவுதான். போட்டு மாட்டி ஸ்லைடைப் பத்துத் தரம் இழுத்து விட்டு, வெளியே கசிகிறதை எல்லாம் துடைத்துவிடுங்கள். விரலால் தொட்டால் எண்ணெய் இருப்பது தெரிய வேண்டும், கண்ணால் பார்த்தால் தெரியக் கூடாது. முழு இரும்புப் பிஸ்டல் இதைவிடக் கொஞ்சம் அதிகம் கேட்கும்.

ரிவால்வர்காரர்களுக்கு: ஒவ்வோர் அறையையும் தனித்தனியாகப் பிரஷ் விட்டுத் துடையுங்கள், சிலிண்டர் முன்முகத்தில் இருக்கும் கறுப்பு வளையங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவற்றைச் சுரண்டிச் சுரண்டி நீலம் போனவர்கள் உண்டு. முக்கியமான இடம் தள்ளுகோலின் நட்சத்திரத் தகட்டுக்கு அடிப்பக்கம். அங்கே எரியாத மருந்துத் துகள் இரண்டு உட்கார்ந்தாலே தோட்டா சரியாக அமராது, சிலிண்டர் சுற்றும்போது பிடிக்கும். டூத்பிரஷால் உலர்வாகத் தட்டிவிடுங்கள், எண்ணெய் வேண்டாம், எண்ணெய் இருந்தால் துகள் ஒட்டும். பக்கத் தகட்டின் ஸ்குரூக்களைத் தொடாதீர்கள். சினிமாவில் வருகிறமாதிரி மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை 'சடக்' என்று மூடினால் அதன் அச்சு வளையும். இரண்டு கையால் மூடுங்கள்.

மாட்டியபின் காலி மேகசினோடு ஸ்லைடை இழுத்தால் பின்னால் நிற்கிறதா, விட்டால் முழுக்க முன்னால் போகிறதா, மணல் வாளியைப் பார்த்து ட்ரிகர் 'டக்' என்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். பார்த்ததும் வாய்விட்டு "முடிந்தது" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் இன்னும் ஒரு 'டக்' என்று திரும்ப எடுக்கும் கைக்கு அந்தச் சொல் கடிவாளம்.

கை கழுவுவது

தோட்டாவின் அடியில் முதல் பொறியைக் கொடுக்கும் பிரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, குண்டிலும் ஈயம். நீங்கள் துடைத்தெடுத்த கறுப்பில் அது கலந்திருக்கும். சாப்பாட்டு மேசை வேண்டாம் என்றது இதற்குத்தான். குழந்தைகளுக்கு ஈயம் கொஞ்சமும் ஆகாது. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு முழங்கை வரை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும். அழுக்குத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே போடுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

நம் ஊர்க் காற்று

காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். கோலாலம்பூரில் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் தெரியும். சராசரியே எண்பதை ஒட்டி இருக்கும். அதனால் பெட்டிக்குள் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் வைத்திருப்பதுதான் நம் முழு வேலையும். லோ யாட் போன்ற இடங்களில் கேமராக் கடைக்காரர்களிடம் உள்ளங்கை அளவில் ஈரப்பத மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். சிலிக்கா ஜெல் ஆரஞ்சு நிறமாக இருந்து, ஈரம் குடித்துக் குடித்துப் பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். பச்சையானதும் ஓவனில் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சு. பெட்டி தீக்காப்புப் பெட்டி என்றால் இன்னும் கவனம், அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் பூச்சே ஈரத்தை விடும். ஜெல்லை இரண்டு மடங்கு வையுங்கள்.

தோல் உறை அணிந்துகொள்ள மட்டும். அதற்குள் வைத்து மூடி வைக்காதீர்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் இரும்போடு கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும். அப்பாவின் ரிவால்வருக்குச் சந்தனம் தொடங்கி வைத்ததை உறைதான் முடித்து வைத்தது.

ஏர்கான் இன்னொரு வில்லன். இரவெல்லாம் பதினெட்டில் குளிர்ந்த அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காலையில் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினால், ஐஸ் மைலோ டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகக் கோக்குமே, அதே வியர்வை அதன்மேலும் கோக்கும், பேரலுக்குள்ளும் கோக்கும். பெட்டியை ஏர்கான் இல்லாத அறையில் வைப்பது எளிய வழி.

இடுப்பில் வைத்துச் சுற்றுகிறவர்கள் அன்றன்று இரவு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். தோட்டாவை எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கம் முழுக்க ஒரு துடைப்பு, முக்கியமாக உடம்பைத் தொடும் பக்கம். துடைத்தபின் வெறும் விரலால் இரும்பைத் தொடாமல் துணியால் பிடித்து வையுங்கள். எனக்கு வியர்வையில் உப்பு அதிகம்போல, என் கட்டைவிரல் ரேகை மூன்றே நாளில் ஸ்லைடில் துருவாக எழுந்து பார்த்திருக்கிறேன், போலீஸ்காரர் எடுத்த ரேகையைவிடத் தெளிவாக. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நம்ப வேண்டாம், அதற்கும் பிடிக்கும், கொஞ்சம் நிதானமாக.

துரு கண்ணில் பட்டால் உடனே எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, வெண்கல பிரஷாலோ நான்கு சைபர் போட்ட மிக மெல்லிய எஃகுப் பஞ்சாலோ, எண்ணெயோடு சேர்த்து மென்மையாகத் தேயுங்கள். எண் பொறித்த இடத்தில் மட்டும் எந்தப் பஞ்சும் வேண்டாம். உரிமம் புதுப்பிக்கப் போனால் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள், அது மங்கினால் வரும் தலைவலிக்குத் துருவே தேவலை.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பெட்டி இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. தரைமட்ட வீடு என்றால் பெட்டியை உயரத்தில் பொருத்துங்கள். அப்படியும் நனைந்துவிட்டால் காய்வதற்குக் காத்திருக்காதீர்கள், வெள்ளத் தண்ணீரில் சேறும் உப்பும் இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஈரம் போக்கி, எண்ணெய் போட்டுவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த தோட்டாக்களை இனி நம்ப முடியாது, போலீஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

தோட்டாக்களைப் பொதுவாகவே துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம், எண்ணெய்க் கையால் தொடவும் வேண்டாம். எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகலாம். தோல் பெல்ட்டின் வளையங்களில் மாதக்கணக்கில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். அட்டைப் பெட்டியில், வறண்ட இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாக.

அப்பா போனபிறகு அந்த ரிவால்வரை நானே பாலாயில், போலீஸ் நிலையத்தில், கொண்டுபோய் ஒப்படைத்தேன், எனக்கென்று தனியாக விண்ணப்பித்தது பிறகுதான். வாங்கிய அதிகாரி எண்ணைச் சரிபார்த்து, திருப்பிப் பார்த்து, குழலின் இடப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி இது என்ன என்று கேட்டார். எப்படிச் சொல்வது, பூசை என்றேன். அவர் தாளில் 'துரு, ஒன்று' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இப்போது சரஸ்வதி பூசைக்கு என் வீட்டில் சந்தனமும் குங்குமமும் இரும்புப் பெட்டியின் கதவுக்குத்தான், அதுவும் பெயிண்ட் அடித்த பக்கம்.